பேப்பர் பேட்ச் குண்டு கேஸ் வாயில் கிழிகிறது: எவ்வளவு ஆழம் உட்கார வைப்பது?

மலைச்சாரல் (நியூ மெக்சிகோ)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக .45-70 தோட்டாவில் கிரீஸ் பள்ளம் உள்ள குண்டைத்தான் சுட்டு வருகிறேன். ரைஃபிள் 1874 மாடல் ஷார்ப்ஸின் நகல், குழல் 34 அங்குலம். குழலில் ஈயத்தை அடித்து இறக்கி அளந்ததில், உள்ளே சுழலும் புரியின் மேட்டுக்கு மேடு 0.450 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.458. போன குளிர்காலத்தில், காகிதம் சுற்றிச் சுடும் பேப்பர் பேட்ச் முறைக்காக, வழவழப்பான குண்டுக்கு ஒரு அச்சு வாங்கினேன். ஈயம் 20-க்கு வெள்ளீயம் 1 கலந்து ஊற்றினால் குண்டு 0.442 வருகிறது, எடை 500 கிரெயினை ஒட்டி. ஆனியன்ஸ்கின் காகிதம் 1.8 தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமன். இரண்டு சுற்று சுற்றிக் காய்ந்ததும் 0.449. இதுவரை எல்லாம் சரி.

சிக்கல் தோட்டாவில் குண்டை உட்கார வைக்கும்போதுதான். வழக்கம்போல கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) அளவுக்குச் சுருக்கும் முழு நீள டையில் விட்டு, வாயை விரித்து, பிளாக் பவுடர் மருந்து போட்டு, அதன் மேல் ஒரு வாட் (தட்டையான வில்லை) வைத்து, சீட்டிங் டையில் குண்டை 0.4 அங்குலம் இறக்குகிறேன். பத்தில் மூன்றில் காகிதம் கேஸ் வாயில் மாட்டிச் சுருங்கிவிடுகிறது. ஒன்றில் அடியோடு கிழிந்தே போனது. நன்றாகத் தெரிந்தவற்றை மட்டும் எடுத்து 100 யார்டில் பத்து சுட்டேன். ஏழு 2 அங்குலத்துக்குள் போனது, மூன்று 6 முதல் 8 அங்குலம் தள்ளிப் போனது. அந்த ஏழைப் பார்த்த பிறகு இதை விட மனமில்லை. எங்கே தவறுகிறேன்?

வெண்புகை (டெக்சாஸ்)

தம்பி, அந்த ஏழுதான் பேப்பர் பேட்சின் நிஜ முகம். மற்ற மூன்றுக்கும் காரணம் இருக்கிறது, தேடினால் கிடைத்துவிடும். சில கேள்விகள். கேஸின் நீளம் என்ன? உங்கள் சேம்பரின் (குழலில் தோட்டா உட்காரும் அறை) நீளம் என்ன? வாயின் உள்விளிம்பைச் சேம்ஃபர் செய்த (சாய்வாகச் செதுக்கிய) பிறகு மெருகு போட்டீர்களா? ஒவ்வொரு வேட்டுக்கும் நடுவே குழலைத் துடைத்தீர்களா, கரி இளக மூச்சை ஊதும் ஊதுகுழல் மட்டும்தானா? எல்லாவற்றையும்விட முக்கியமானது: குழல் வாய்க்கு முன்னே விழுந்த காகிதத்தைப் பொறுக்கிப் பார்த்தீர்களா?

மலைச்சாரல்

அக்கா, கேஸ் 2.092. சேம்பரை அளந்ததில்லை. சேம்ஃபர் செய்தேன், மெருகு போடவில்லை. ஊதுகுழலில் மூன்று மூச்சு மட்டும், துடைக்கவில்லை. 0.060 ஃபைபர் வாட் ஒன்று. காகிதத்தைப் பொறுக்கவில்லை. பொறுக்க வேண்டும் என்றே தெரியாது.

ஈயவார்ப்பு (மொண்டானா)

மலைச்சாரல், நீங்கள் குண்டைப் பிடித்து வைக்கும் வேலையைக் கேஸிடம் கொடுத்திருக்கிறீர்கள். மேட்டளவுக் குண்டில், அதாவது காகிதத்தோடு மேட்டுக்கு மேடு அளவுக்கே இருக்கும் குண்டில், அந்த வேலை குழலுடையது. இது ஒன்று மனதில் பதிந்தால் உட்கார வைப்பது பற்றிய பாதிக் கேள்விகள் தாமாகவே தீரும்.

கிரீஸ் பள்ளக் குண்டு புரிப் பள்ளத்தின் அளவுக்கே வார்த்தது. அது புரிக்குள் நுழையாது, அதனால் பெரும்பகுதி கேஸுக்குள் இருக்க வேண்டும், கேஸ்தான் அதை நேராக வைக்க வேண்டும். உங்கள் 0.449 குண்டு அப்படியில்லை. கேஸே இல்லாமல் அதைத் துடைத்த குழலின் பின்பக்கம் வைத்துக் கட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். மேடுகளின் மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். போகாவிட்டால் காகிதம் தடிமன், அல்லது குழல் அழுக்கு. உள்ளே போய் ஆடாமல் நின்றதென்றால் அது குழலின் மையக்கோட்டில் தானாக நிற்கிறது. எந்த டையும் தர முடியாத நேர்த்தி அது. அந்தக் குண்டின் பின்னால் கேஸைக் கொண்டுவந்து ஒட்ட வைப்பது மட்டுமே நம் வேலை.

அதனால் 0.4 அங்குலம் என்பது மிக ஆழம். எட்டில் ஒரு அங்குலம் போதும். நான் 0.10-இலிருந்து 0.15 வரை வைக்கிறேன். மீதி அங்குலத்துக்கு மேல் நீளம் குழலுக்குள் இருக்கும். தோட்டாவை மேஜையில் நிறுத்தினால் ஒல்லியாக, நெடுநெடுவென்று, கீழே விழுந்துவிடுமோ என்று பார்க்கவே பயமாக இருக்கும். அதுதான் சரியான தோற்றம்.

அடுத்தது மருந்து. ஆழம் குறைத்தால் கேஸில் இடம் கிடைக்கும். அந்த இடத்தைக் காலியாக விடக் கூடாது. பிளாக் பவுடருக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இடைவெளி இருந்தால் குழல் வளையமாக வீங்கும், அந்த வளையம் பிறகு ஒருநாளும் போகாது. மருந்தைக் கூட்டுங்கள், அல்லது வாட்களைக் கூட்டுங்கள். இரண்டடி டிராப் டியூப் வழியாக மெதுவாக ஊற்றி, வாட் வைத்து, கம்ப்ரஷன் டையால் வேண்டிய மட்டத்துக்கு அமுக்குங்கள். அமுக்கும் வேலையை ஒருபோதும் குண்டுக்குத் தரக் கூடாது. 20-க்கு 1 கலந்த ஈயம் நகத்தால் கீறினாலே கோடு விழும். டையின் தண்டு மூக்கில் அமுக்கினால் மூக்கில் வளையம் விழும், அடிப்பாகம் பிதுங்கும், காகிதம் சுருங்கும். நீங்கள் பார்த்த சுருக்கம் பாதி இதனால்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் பிளாக் பவுடருக்கு மட்டுமே. கேஸ் நிறையப் போடுவது அதில் முறை. புகையில்லா மருந்தை அதே கையோடு நிரப்பினால் ரைஃபிள் வெடிக்கும்.

குழல்மேடு (பென்சில்வேனியா)

ஈயவார்ப்பு ஐயா சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை, ஆனால் ஒரு இடைவெளியை நிரப்ப வேண்டும். நான் லேத்தில் வேலை செய்பவன், எண்ணாகச் சொன்னால்தான் எனக்கு நிம்மதி.

சுட்ட .45-70 கேஸின் வாய், உள்ளே 0.460-ஐ ஒட்டி இருக்கும். அதில் 0.449 குண்டை வைத்தால் 11 தௌ இடைவெளி. குண்டு ஒரு பக்கம் சாய்ந்தால் மையத்திலிருந்து 5 தௌ விலகி நிற்கும், தோட்டாவைத் தூக்கினால் கழன்று விழும். அதே கேஸை முழு நீள டையில் விட்டால் வாய் அதிகமாகச் சுருங்கி, வாயை விரிக்கும் எக்ஸ்பாண்டர் சரியான அளவில் இல்லாவிட்டால் காகிதத்தை உரிக்கும். நடுவில் ஒரு வழி உண்டு. முழு நீள டையைத் தொடவே வேண்டாம். சுட்ட கேஸ் உங்கள் சேம்பருக்குத் தைத்த சட்டை மாதிரி, அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். மருந்தும் வாட்டும் போட்டு அமுக்கி முடித்த பிறகு, கடைசியாக, வாயின் மேல் எட்டில் ஒரு அங்குலத்தை மட்டும் நெக் டையில் கொஞ்சம் இறக்குங்கள். டையில் பிரைமரைத் தட்டி எடுக்கும் நடு ஊசியைக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். அந்த நேரத்தில் கேஸில் உயிருள்ள பிரைமர் இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

பிறகு குண்டின் அளவுக்கே கடைந்த ஒரு தடியை வாயில் ஒருமுறை விட்டு எடுங்கள். நான் எஃகில் கடைந்து, 0.4495-க்கு மெருகு போட்டு வைத்திருக்கிறேன். அது போய் வந்த வாயில் குண்டைப் பெருவிரலால் அழுத்தினால் வெண்ணெயில் கத்தி இறங்குவது மாதிரி இறங்கும். தலைகீழாகப் பிடித்தால் விழாது, இரண்டு விரலால் திருகினால் திரும்பும். அந்தப் பிடிப்பு போதும்.

கேஸ் வாயைப் பற்றி. சேம்ஃபர் கத்தி உள்ளே வெட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத முள் நிற்கும். பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், ரம்பம் மாதிரி இருக்கும். மெல்லிய காகிதத்தைக் கிழிக்க அது போதும். நைஸான ஸ்டீல் உல்லை ஒரு குச்சியில் சுற்றி, டிரில்லில் மாட்டி, ஐந்து எண்ணும் வரை வாய்க்குள் ஓட்டுங்கள். பிறகு கழிவறைக் காகிதத் துண்டை வாய்க்குள் தேய்த்துப் பாருங்கள். ஒரு இழை மாட்டினாலும் திரும்ப மெருகு போட வேண்டும். நான் ஒவ்வொரு கேஸையும் இப்படித்தான் சோதிக்கிறேன், இதைத் தவிர்த்த நாளெல்லாம் வருந்தியிருக்கிறேன்.

வெண்புகை

துடைப்பதைப் பற்றி யாரும் பேசவில்லை, அதனால் நான் சொல்கிறேன். மேட்டளவுக் குண்டைத் துடைக்காத குழலில் சுடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு வேட்டுக்குப் பிறகு தொண்டையில் கரி உறைந்து நிற்கும். நியூ மெக்சிகோ மாதிரி காய்ந்த ஊரில் அது செங்கல் பொடி மாதிரி இறுகிவிடும். அதன் மேல் அடுத்த தோட்டாவைத் தள்ளினால் உப்புத்தாளில் தேய்த்ததுபோல் காகிதத்தின் முன்விளிம்பு மடங்கிக் கிழியும். நீங்கள் கேஸ் வாயில் காப்பாற்றிய காகிதம் சேம்பரில் கிழிகிறது, வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியவே தெரியாது.

நான் செய்வது: தண்ணீர் ஏழு பங்கு, தண்ணீரில் கரையும் எண்ணெய் ஒரு பங்கு. அதில் நனைத்துப் பிழிந்த துணி ஒன்று, பிறகு காய்ந்த துணி ஒன்று, இரண்டும் பின்பக்கத்திலிருந்து. சேம்பரைத் தனியாகக் காய்ந்த துணியால் ஒற்றி எடுப்பேன். சேம்பரில் ஈரம் நின்றால் காகிதம் குடித்துவிடும். 1874-இல் லாங் ஐலண்டில் கிரீட்மூரில் அயர்லாந்து அணியோடு நடந்த போட்டியை எல்லோரும் சொல்வார்கள். 800, 900, 1000 யார்டு. அயர்லாந்துக்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரைஃபிள், அமெரிக்கர்கள் ஷார்ப்ஸ், ரெமிங்டன். முடிவு அமெரிக்கா 934, அயர்லாந்து 931. காகிதம் சுற்றிய குண்டும் சுத்தமான குழலும் ஒன்றாக இருந்தால் அந்தத் தூரத்தில் என்ன செய்ய முடியும் என்று அன்றே காட்டிவிட்டார்கள்.

குழல்மேடு

அக்கா சொல்வது இலக்குப் போட்டிக்குச் சரி. வேட்டைக்காரர் காட்டில் துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருக்க முடியாது. அவர்களுக்குப் பள்ளத்தளவுக் குண்டு இருக்கிறது: குண்டு 0.451, காகிதத்தோடு 0.458 அல்லது 0.459. அது கேஸுக்குள் ஆழமாக உட்காரும், சுட்ட கேஸில் அப்படியே பொருந்தும், அடியில் கிரீஸ் வில்லை வைத்தால் துடைக்காமலே சில வேட்டு போகும். மலைச்சாரல் 0.4 அங்குலம் இறக்கியது அந்த வகைக் குண்டுக்கு நியாயமான ஆழம். அவர் ஒரு வகைக் குண்டுக்கு இன்னொரு வகையின் ஆழத்தை வைத்துவிட்டார், அவ்வளவுதான்.

ஈயவார்ப்பு

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 500 மீட்டர் ராம் (செம்மறிக்கடா உருவ) இலக்குக்கு முன்னால் உட்கார்ந்தால் என் கை மேட்டளவுக் குண்டுக்குத்தான் போகும். மருந்து தீப்பிடித்த அதிர்ச்சி குண்டின் அடியில் விழுந்ததும் இளகிய ஈயம் முன்னே நகரும் முன்பே உப்பிப் பள்ளத்தை நிரப்புகிறது. பிளாக் பவுடர் சட்டென்று அழுத்தம் ஏற்றுவதால் நடக்கிற வேலை இது. நேராக நிற்கும் குண்டு நேராக உப்பும், சாய்ந்து நிற்பது சாய்ந்தே உப்பும். இதனால்தான் உட்கார வைப்பதைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன்.

மார்ட்டினி_பிரியன் (இங்கிலாந்து)

இங்கே நான் மார்ட்டினி-ஹென்றி .577/450 சுடுகிறேன். 1871-இல் பிரிட்டிஷ் ராணுவம் ஏற்ற ரைஃபிள். அதன் தோட்டாவே பேப்பர் பேட்ச் பாடம்தான்: 85 கிரெயின் மருந்து, 480 கிரெயின் குண்டு, ஈயம் 12-க்கு வெள்ளீயம் 1, அதன் மேல் காகிதம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே தேன்மெழுகு வில்லை, அதன் இருபுறமும் அட்டை. சிப்பாய் சண்டையில் குழலைத் துடைக்க முடியாது. அதனால் துடைக்கும் வேலையை அந்த மெழுகு வில்லை செய்யும்படி வைத்தார்கள்.

இதிலிருந்து ஒன்று எடுத்துக்கொள்ளலாம். கிரீஸ் வில்லை வைப்பவர்கள் அதற்கும் குண்டுக்கும் நடுவே கட்டாயம் ஒரு மெல்லிய அட்டை வையுங்கள். அட்டை இல்லாவிட்டால் கிரீஸ் குண்டின் அடியில் ஒட்டிக்கொண்டு கூடவே பறக்கும். ஒட்டியது ஒருமுறை 10 அடியில் விழும், ஒருமுறை 50 யார்டு வரை போகும், குண்டு ஒவ்வொரு முறையும் வேறு பாதையில் போகும். ஒரு கோடை முழுவதும் இந்தக் காரணம் தெரியாமல் மருந்தின் அளவை மாற்றிக்கொண்டிருந்தேன்.

புதுக்கை

நான் ரைஃபிள் தொட்டதில்லை, வரலாறு படிப்பவன். 1857-இல் சிப்பாய்கள் கடித்துக் கிழிக்க மறுத்தார்களே, கொழுப்புத் தடவிய காகிதத் தோட்டா, அதுவும் இதுவும் ஒன்றா?

மார்ட்டினி_பிரியன்

உறவு உண்டு, ஒன்று இல்லை. அது 1853 என்ஃபீல்ட், வாய்வழி நிரப்பும் ரைஃபிள். காகிதக் குழாயில் மருந்தும் குண்டும் இருக்கும். நுனியைக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டி, தோட்டாவைத் திருப்பிக் குண்டுள்ள முனையை உள்ளே நுழைத்து, மீதிக் காகிதத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, காகிதம் சூழ்ந்தபடியே குண்டைக் கம்பியால் இடித்து இறக்குவார்கள். குண்டைச் சூழ்ந்த அந்தக் காகிதத்தின் வெளியில்தான் கொழுப்பு. ஈயத்துக்கும் குழலுக்கும் நடுவே அந்தக் காகிதம் செய்த வேலையைத்தான் நம் பேட்சும் செய்கிறது. வேறுபாடு, நம் காகிதம் ஈரமாகச் சுற்றப்பட்டு, காயும்போது சுருங்கி, குண்டின் மேல் தோல் மாதிரி இறுகிவிடும். கேஸ் வேறு வந்துவிட்டதால் யாரும் எதையும் கடிக்க வேண்டியதில்லை.

மலைச்சாரல்

எல்லோருக்கும் நன்றி. சுற்றுவதைப் பற்றியும் கேட்டுவிடுகிறேன். காகிதத்தைப் புரியின் திசையிலேயே சுற்ற வேண்டுமா, எதிர்த் திசையிலா? காகிதத்தின் மேல் ஏதாவது தடவ வேண்டுமா?

வெண்புகை

நான் எதிர்த் திசையில் சுற்றுகிறேன், பழக்கம். இரண்டு திசையிலும் சுற்றி 200 யார்டில் சுட்டுப் பார்த்தபோது என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் காகிதத்தின் இரு நுனிகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. சாய்வாக வெட்டிய நுனிகள் இரண்டு சுற்று முடிந்ததும் மயிரிழை இடைவெளியில் சந்திக்க வேண்டும். ஏறினால் அந்தப் பக்கம் இரண்டு தௌ தடிக்கும், குண்டு ஒரு பக்கமாகத் தள்ளப்படும், கேஸ் வாயில் முதலில் மாட்டுவதும் அந்த விளிம்புதான். ஒரு தகரத் துண்டில் வார்ப்புரு வெட்டிக்கொள்ளுங்கள், பிறகு காகிதத்துக்குக் காகிதம் மாறாது.

ஈயவார்ப்பு

முன்விளிம்பு குண்டின் மூக்கு வளையத் தொடங்கும் இடத்தைக் கொஞ்சம் தாண்டி நிற்கட்டும். வெற்று ஈயம் புரியைத் தொடக் கூடாது. அடியில் எட்டில் ஒரு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட விட்டு, உள்ளே மடித்து, ஈரமாக இருக்கும்போதே தட்டையான பரப்பில் அழுத்தித் திருகுங்கள். அடி சமமாக இல்லாவிட்டால் தோட்டா முழுதும் சமமாக இருந்து பயனில்லை. மேலே தடவுவதென்றால் விரல் நுனியில் தொட்டுத் துடைத்த வாஸலீன் களிம்பு அளவு, அதுவும் சேம்பரில் வைக்கும் முன். நான் பெரும்பாலும் எதுவும் தடவுவதில்லை.

வெண்புகை

மலைச்சாரல், 2.092 என்ற உங்கள் எண் என் மனதை விட்டுப் போகவில்லை. .45-70 கேஸின் அதிகபட்ச நீளம் 2.105. சேம்பர் அதைவிட நீளமாகத்தான் வெட்டியிருப்பார்கள். செரோசேஃப் என்ற, குறைந்த சூட்டில் உருகும் உலோகக் கலவையை உருக்கி ஊற்றிச் சேம்பரை வார்த்து அளங்கள். கேஸ் வாய்க்கும், சேம்பர் முடியும் இடத்துப் படிக்கும் நடுவே பள்ளம் இருந்தால், குண்டு உப்பும்போது காகிதமும் ஈயமும் அந்தப் பள்ளத்தில் பிதுங்கி, அங்கேயே வளையமாக அறுந்து நிற்கும். அடுத்த தோட்டா அந்தக் காகித வளையத்தின் மேல்தான் போய் உட்காரும்.

(மூன்று வாரம் கழித்து)

மலைச்சாரல்

திரும்பி வந்துவிட்டேன், சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில் எதையும் மாற்றாமல் பழைய முறையிலேயே ஐந்து சுட்டு, குழல் வாய்க்கு முன்னே பழைய படுக்கை விரிப்பு ஒன்றைப் பதினைந்து அடிக்கு விரித்துக் காகிதத்தைப் பொறுக்கினேன். நல்ல வேட்டின் காகிதம் மேடுகள் வகிர்ந்த நீளக் கீற்றாகக் கிடந்தது, புரியின் சாய்வு அதில் பென்சிலால் கோடு போட்டது மாதிரி தெரிந்தது. விலகிப் போன வேட்டின் காகிதத்தில் பாதியைக் காணவில்லை. கிடைத்த துண்டின் ஓரம் பழுப்பாகக் கருகியிருந்தது. காணாமல் போன பாதி எங்கே என்று டார்ச் அடித்துச் சேம்பரைப் பார்த்தேன். அக்கா சொன்ன வளையம், சிகரெட் நுனிக் காகிதம் மாதிரி, படியில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் குச்சியால் சுரண்டி எடுத்து மேஜையில் வைத்தபோது கை நடுங்கியது. இரண்டு மாதமாக நான் தேடியது கால் அங்குலம்கூட அகலமில்லாத அந்தக் காகித வளையத்தைத்தான்.

சேம்பரை வார்த்து அளந்தேன்: 2.118. என் கேஸுக்கும் படிக்கும் நடுவே 26 தௌ. நகலைச் செய்தவர்களைக் கேட்டேன், பதில் வரவில்லை, அது போகட்டும். .45-90 கேஸ் இருபது வாங்கி 2.115-க்கு வெட்டினேன். நீளக் கேஸை வெட்டுவதால் வாய்ப் பக்கச் சுவர் கொஞ்சம் தடிமனாக நிற்கிறது, வாயை அனீல் செய்து (சூடாக்கி இளக்கி) ஒருமுறை சுட்டு எடுத்த பிறகு சேம்பரில் தடையில்லாமல் போனது. ஸ்டீல் உல் மெருகு, கழிவறைக் காகிதச் சோதனை, எல்லாம் செய்தேன். குழல்மேடு சொன்ன தடியை ஊரில் ஒரு லேத் பட்டறையில் கடைந்து வாங்கினேன்.

இப்போது குண்டு 0.12 அங்குலம் மட்டும் உட்காருகிறது. ஒவ்வொரு வேட்டுக்கும் துடைப்பதால் கிரீஸ் வில்லை வேண்டாம் என்று முடிவு செய்தேன், அதே 0.060 வாட் மட்டும். முன்பு 68 கிரெயின் போட்ட இடத்தில் 78 போட்டு அமுக்கினால் மட்டம் சரியாக வருகிறது. சீட்டிங் டையை அதன் பெட்டியிலேயே வைத்துவிட்டேன். பெருவிரலால் முதல் குண்டைத் தள்ளியபோது காகிதம் வாய் விளிம்பைத் தாண்டும் சத்தம்கூட வரவில்லை. சேம்பரில் வைத்தால் கடைசி அரை அங்குலத்தில் லேசான எதிர்ப்பு, மேட்டின் மேல் காகிதம் வழுக்குவது விரலுக்குத் தெரிகிறது.

100 யார்டில் பத்தும் 2 அங்குலத்துக்குள். 200 யார்டில் பத்து, நாலே கால் அங்குலம். விலகியது ஒன்றும் இல்லை. பொறுக்கிய காகிதம் பத்தும் கீற்றுக் கீற்றாக, கருகல் இல்லாமல். ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு புதுச் சிக்கல். கடைசி நாள் தோட்டாவை வைத்து ரைஃபிளின் பின்கதவை மூடிய பிறகு ரேஞ்சில் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். கதவைத் திறந்து தோட்டாவை எடுத்தால் கேஸ் மட்டும் வந்தது. குண்டு குழலிலேயே நின்றுவிட்டது. வாட் இருந்தும் ஓரத்தில் கொஞ்சம் மருந்து கதவுப் பள்ளத்தில் கொட்டியது.

ஈயவார்ப்பு

அந்த 200 யார்டுக் குரூப்பைக் கேட்டு மனம் நிறைந்தது, தம்பி.

குண்டு நின்றுபோனது பற்றி. மேட்டளவில், இவ்வளவு மேலே உட்கார வைத்தால் இது நடக்கத்தான் செய்யும். இரண்டு விஷயம். ஒன்று, சுடும் நொடி வரும்வரை தோட்டாவைச் சேம்பரில் வைக்காதீர்கள். வைத்துவிட்டுக் காற்றுக்காகக் காத்திருக்கும் பழக்கம் இருந்தால் விடுங்கள். இரண்டு, நின்றுவிட்டால் பதற்றப்படாமல் ரேஞ்ச் அதிகாரியிடம் சொல்லிவிட்டு, கொட்டிய மருந்தை முழுக்கத் துடைத்து எடுத்த பிறகு, குழல் வாயிலிருந்து துடைப்புக் கம்பியை விட்டு மெதுவாகப் பின்னே தள்ளுங்கள். துடைத்த குழல் என்றால் இரண்டு விரல் பலத்தில் வந்துவிடும். எக்காரணம் கொண்டும் அதன் பின்னால் இன்னொரு தோட்டாவை வைத்துச் சுட்டுத் தள்ளப் பார்க்காதீர்கள். கம்பி எப்போதும் பெட்டியின் மேலேயே இருக்கட்டும்.

குழல்மேடு

தடியை அரை தௌ குறைத்துக் கடைந்து பாருங்கள், 0.449. பிடிப்பு கொஞ்சம் கூடும், பாதி நேரமாவது குண்டு கேஸோடு திரும்பி வரும். மெருகு மட்டும் குறையக் கூடாது. காகிதம் உரிந்தால் உடனே பழைய தடிக்கே போய்விடுங்கள், உரிந்த காகிதத்தைவிடக் குழலில் நிற்கும் குண்டு எவ்வளவோ மேல்.

மலைச்சாரல்

நாளை பட்டறைக்குப் போகிறேன். தடி இரண்டாகக் கடையச் சொல்கிறேன், பழையது பழையபடியே இருக்கட்டும். அடுத்து 385 மீட்டர் வான்கோழி உருவ இலக்கு. காகிதத்தைப் பொறுக்கி வந்து இங்கேயே எழுதுகிறேன்.